வெள்ளிப் பூச்சு

மாத்ருபூதத்தின் அம்பாசடரில், ஸ்டியரிங்குக்குப் பின்னால், சுண்டைக்காய் அளவில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. சாவியைத் திருப்பினால் அது எரிய வேண்டும். இஞ்சின் ஓட ஆரம்பித்தால் அணைந்துவிட வேண்டும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறது, கவலைப்படாமல் ஓட்டு என்று அதற்கு அர்த்தம். இத்தனை வருஷமும் விளக்கு தன் கடமையை ஒழுங்காகத்தான் செய்து வந்தது. இந்தச் சித்திரையில் அதற்கு என்ன வந்ததோ, அணைய மறுத்தது. முழுசாக எரிந்தாலாவது சண்டை போடலாம். அதுவும் இல்லை. மொய் எழுதாமல் பந்தியில் உட்கார்ந்தவன் முகம் மாதிரி அரைகுறையாக மினுங்கிக்கொண்டிருந்தது.

மினுங்கினால் மினுங்கட்டும் என்று மாத்ருபூதம் விட்டிருப்பார். மச்சினன் ராமரின் மகள் அகிலாண்டேஸ்வரிக்கு நிச்சயதார்த்தம் முடிந்து குடும்பமே ஸ்ரீரங்கம் திரும்பிய அன்று, பூ வாங்குவதற்காக மாம்பழச் சாலையில் வண்டியை நிறுத்தியதுதான் வினையாகப் போயிற்று. நிறுத்தினார். பூ வாங்கினார்கள். சாவியைத் திருப்பினார். 'டொக்' என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினார். அந்த 'டொக்'கும் இல்லை. ஹாரனை அமுக்கினால் தொண்டை கட்டின ஆட்டின் முனகல்.

அவருடைய சகலை ஜெய்சங்கரின் புது எலெக்ட்ரிக் கார் சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்து நின்றது.

"என்னண்ணே, பேட்டரியா?" என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டார் ஜெய்சங்கர். கண்ணாடி இறங்கிய இடத்திலிருந்து குளிர்காற்று வந்து மாத்ருபூதத்தின் வியர்த்த கழுத்தைத் தடவியது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. சூடாயிருக்கு. செத்த ஆறவிட்டா எடுத்துக்கும்."

ஆறவிட்டும் எடுக்கவில்லை. கடைசியில் தள்ளினார்கள். ராமர் தள்ளினார், பூக்காரம்மா தள்ளினாள், ஜெய்சங்கர் வெள்ளைச் சட்டையோடு இறங்கித் தள்ளினார். அம்பாசடரைத் தள்ளியவன் சட்டையில் கறை படாமல் போனதாகச் சரித்திரம் கிடையாது. ஜெய்சங்கர் சட்டையில் படவில்லை. வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியபோது சந்தோஷப்பட வேண்டிய மாத்ருபூதம், பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அந்தச் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டு போனார்.

திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர் மாத்ருபூதம். ஃபேக்டரியே தன் தோளில்தான் நின்றது என்பது அவர் அபிப்பிராயம். அவர் வெளியே வந்த பிறகும் அது நின்றுகொண்டிருப்பதைப் பற்றி அவர் பேசுவதில்லை. அம்பாசடர் யாரோ அதிகாரிகளைச் சுமந்து ஓய்ந்து ஏலத்துக்கு வந்த டீசல் வண்டி. அதை அவர் எடுத்த வருஷத்திலிருந்து மாமனார் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அதுதான். பிள்ளையார் கோயிலில் மாலை போட்டுப் புது மாப்பிள்ளையைப் பின் சீட்டில் உட்கார வைத்து, முன்னால் நாயனம் வாசித்துப் போக, கல்யாண மண்டபம் வரை ஊர்ந்து வர வேண்டும். ஓட்டுவது மாத்ருபூதம். ஊர் புது மாப்பிள்ளையைப் பார்க்கும். அதற்கு முன்னால், அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மூத்த மாப்பிள்ளையைப் பார்க்கும்.

ஜெய்சங்கர் கல்யாணத்துக்கும் அவர்தான் ஓட்டினார். அன்றைக்குக் கழுத்து மாலைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டியிருந்த அந்த ஒல்லிப் பையன்தான் இன்றைக்கு மன்னார்புரத்தில் டைல்ஸ் ஷோரூம் வைத்திருக்கும் ஜெய்சங்கர். தை மாதம் எலெக்ட்ரிக் கார் வாங்கி, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு சமயபுரம் போய்வந்தார். திரும்பி வந்த உமாமகேஸ்வரி, மாத்ருபூதத்தின் மனைவி, செருப்பைக் கழற்றுமுன் சொன்னாள்.

"சத்தமே இல்லீங்க. ஊஞ்சல்ல உக்காந்து போற மாதிரி இருக்கு."

ஊஞ்சல் என்ற சொல் மாத்ருபூதத்துக்குள் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது. அம்பாசடரில் எங்கே போய்விட்டு வந்தாலும் அவள் சொல்லும் ஒரே சொல் 'இடுப்பு'.

பங்குனியில் அவர் காரியத்தில் இறங்கினார். இஞ்சினைச் சுற்றி இருந்ததையெல்லாம் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, சூடு தாங்கும் வெள்ளிப் பெயிண்ட் வாங்கிவந்து, ஒரு கோட் காய்ந்ததும் அடுத்த கோட்டாக அடித்தார். பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்நேட்டரின் உடம்பு, அதைத் தாங்கும் பிராக்கெட், போல்ட்டு, நட்டு, வாஷர், எதுவும் பாக்கியில்லை. பானெட்டைத் தூக்கினால் உற்சவருக்கு வெள்ளிக் கவசம் சாத்தின மாதிரி ஜொலித்தது. மாப்பிள்ளை அழைப்பில் எவனும் பானெட்டைத் திறந்து பார்க்கப்போவதில்லை என்று உமாமகேஸ்வரி எடுத்துச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. தண்ணி கேன் போட வந்தவனுக்குத் திறந்து காட்டினார். கேஸ் சிலிண்டர்காரனுக்குக் காட்டினார். ஜெய்சங்கர் ஒரு நாள் நிச்சயதார்த்த விஷயமாக வந்தபோது, எண்ணெய் பார்க்கிற சாக்கில் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஜெய்சங்கர் பார்த்தார். "நல்லாருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். அந்த 'நல்லாருக்கு'வில் எள் அளவாவது வயிற்றெரிச்சல் இருந்ததா என்று மாத்ருபூதம் பல நாள் புரட்டிப் பார்த்தார். தட்டுப்படவில்லை.

நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம் ராமரிடமிருந்து போன் வந்தது.

"மாமா, சாப்பிட்டீங்களா?"

ராமர் காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் மண்டி வைத்திருப்பவர். கெட்ட சேதி சொல்லுமுன் சாப்பாட்டை விசாரிப்பது வழக்கம்.

"விஷயத்தச் சொல்லு ராமரு."

"மாப்பிள்ளை அழைப்புக்கு நம்ம ஜெய்சங்கரு வண்டிய முன்னாடி விட்டுக்கலாமான்னு பேசிக்கிட்டாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதான்."

"யாரு பேசுனா?"

"பொதுவா பேசுனாங்க மாமா."

"பொதுவான்னு நம்ம குடும்பத்துல ஒரு ஆளு இல்லையே."

"கோவிச்சுக்காதீங்க. சம்பந்தி வீடு தஞ்சாவூரு. நாயனத்த நடுரோட்டுல நிறுத்தி வச்சிட்டு நம்ம வண்டியத் தள்ளிக்கிட்டு நின்னா, பேரன் பேத்தி எடுத்தப்பறமும் சொல்லிக் காட்டுவாங்க. அன்னைக்குப் பூக்காரம்மாகூடத் தள்ளிச்சு மாமா."

"என் வண்டிதான் போவும்."

ராமர் தாருக்கு விலை முடிப்பவர்போல முடித்தார். "சரி மாமா. அழைப்பன்னிக்கு மத்தியானம் ஒரு போன் போடுறேன். அன்னைக்கு மினுங்குச்சே, அந்தச் செவப்பு வெளக்கு அணஞ்சிருந்தா உங்க வண்டி. இல்லன்னா அவரு வண்டி. அப்பறம் வருத்தப்படக் கூடாது."

மாத்ருபூதம் பேட்டரிதான் கோளாறு என்று தீர்ப்புச் சொல்லிப் புது பேட்டரி வாங்கிப் போட்டார். சில நாள் வண்டி குதிரையாகக் கிளம்பியது. விளக்கு மினுங்கிக்கொண்டேயிருந்தது. ஒரு காலையில் புது பேட்டரியும் 'டொக்' என்றது. சார்ஜ் ஏறாத பேட்டரி புதுசாக இருந்தால் என்ன, பழசாக இருந்தால் என்ன, இருக்கிறவரைக்கும் கொடுக்கும், அவ்வளவுதான். ஃபேன் பெல்ட் லூஸ் என்று அதை இழுத்துக் கட்டினார். வண்டி கிளம்பும்போதெல்லாம் பெல்ட் வீறிட்டது, தெருநாய்கள் கூடவே ஊளையிட்டன. விளக்கு அசையவில்லை.

"கண்ணு பட்டிருக்கு உமா" என்றார்.

உமாமகேஸ்வரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "யாரு கண்ணு?"

"வேற யாரு? மன்னார்புரத்துக் கண்ணுதான். பெயிண்ட் அடிச்சதப் பாத்துட்டுப் போனான்ல?"

"அவரு எதுக்குங்க நம்ம வண்டிமேல கண்ணு வைக்கப் போறாரு? அவருக்கு என்ன கொறச்சல்?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். கீரையிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. பொறாமைப்படும்படியாகக்கூடத் தன்னிடம் ஒன்றுமில்லை என்று கட்டினவளே முடிவு கட்டிவிட்டது, பேட்டரி போனதைவிடப் பெரிய இருட்டாக இருந்தது அவருக்கு.

"பேசாம அரியமங்கலத்துல பஷீர் பாய்கிட்ட வண்டியக் கொண்டுபோய் விடுங்க. ஒரு நாள்ல பாத்துக் குடுத்துடுவாரு."

"விடலாம். அந்தத் தம்பியோட பழைய வண்டிக்கும் அங்கதான வேல பாத்தாங்க? நான் காலைல வண்டிய நிறுத்துனா சாயங்காலம் மன்னார்புரத்துக்குச் சேதி போயிடும். 'அண்ணன் வண்டி படுத்துடுச்சு'ன்னு."

"படுத்தது ஊருக்கே தெரியுமே."

ஆல்டர்நேட்டரை மட்டும் கழற்றி, ஏதோ கல்யாணத்தில் வந்த மஞ்சள் தாம்பூலப் பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறினார்.

அரியமங்கலத்தில் பஷீர் அகமதுவின் கடைப் பலகையில் 'ஆட்டோ எலெக்ட்ரிகல்' என்ற எழுத்தைவிட அவருடைய பெயர் பெரிசு. தெரியாது என்ற சொல்லை அவர் தொழில் பழகிய நாளிலிருந்து உபயோகித்ததில்லை. அதனால் வாடிக்கையாளர்களுக்குச் சில பேட்டரிகள் அதிகமாகச் செலவாகியிருந்தன.

"வாங்க ஃபோர்மேன் சார். வண்டி எங்க?"

"வண்டி வரல. இதப் பாருங்க பாய்."

பைக்குள் எட்டிப் பார்த்த பஷீர், "யா அல்லா!" என்றார். "நோயாளிய வீட்டுல படுக்கப் போட்டுட்டு, ஈரல மட்டும் பையில எடுத்தாந்திருக்கீங்க?"

"ஈரல்லதான் கோளாறு. நான் பாத்துட்டேன்."

"அப்ப நீங்க டாக்டரு, நான் கம்பவுண்டரு. குடுங்க." கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன சார், இதுக்கே மாப்பிள்ளை அழைப்பு பண்ணிட்டீங்க? வெள்ளியில மின்னுது!"

"நான்தான் அடிச்சேன். எப்படி?"

"மாஷா அல்லா."

ஆல்டர்நேட்டரை மேஜையோரத்து இரும்புப் பிடியான வைஸின் பற்களுக்கிடையில் வைத்து இறுக்கி, பெல்ட்டை மாட்டி, மோட்டாரைத் தட்டினார் பஷீர். மீட்டரின் முள் ஏற வேண்டிய இடத்துக்கு ஏறி, அங்கேயே நின்றது.

"பாருங்க. பாடுது. கொரல்ல ஒரு பிசிறு இல்ல."

"வண்டியில பாட மாட்டேங்குதே."

"வண்டியில வேற எதுலயாவது கை வச்சீங்களா?"

"ஒண்ணுமில்ல" என்றார் மாத்ருபூதம். பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் கணக்கில் பெயிண்ட் அடிப்பது வேலையில் சேர்த்தி இல்லை, அலங்காரம்.

வந்ததற்கு இருக்கட்டும் என்று பஷீர் உள்ளே தேய்ந்திருந்த கார்பன் கரியை மாற்றினார், புது ரெகுலேட்டர் ஒன்றையும் வைத்தார். பக்கத்துக் கடையிலிருந்து டீயும் சமோசாவும் வந்தன.

"ஜெய்சங்கர் சார் நல்லாருக்காரா? போன வாரம் வந்திருந்தாரு."

சமோசா மாத்ருபூதத்தின் கையிலேயே நின்றது. "இங்கயா? அவரு வண்டியிலதான் பெல்ட்டும் கிடையாது, ஆயிலும் கிடையாதே?"

"வண்டிக்கில்ல சார். வேற ஒரு விஷயம்." பஷீர் டீயை உறிஞ்சினார். "அவரு ரகசியம்னு சொல்லியிருக்காரு. வுடுங்க. நீங்க வண்டியக் கொண்டாங்க, பாத்துடலாம்."

வண்டியைக் கொண்டுவருவதா? மனைவி போயாயிற்று, மச்சினன் போயாயிற்று, இப்போது மெக்கானிக்கும் அவன் பக்கம். ரகசியம் வேறு. மாத்ருபூதம் ஈரலைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்து அதைத் திரும்ப மாட்டினார். மாட்டும்போது ஸ்பேனர் உரசி, பிராக்கெட்டில் அங்கங்கே வெள்ளி சுரண்டிக்கொண்டு இரும்பு தெரிந்தது. துரு பிடித்துவிட்டால்? மறுபடி கழற்றினார். டப்பாவில் மிச்சமிருந்த பெயிண்ட்டைக் கலக்கி, சின்ன பிரஷ் வைத்து, சுரண்டின இடத்தையெல்லாம் ஒற்றி எடுத்து, வெயிலில் காயவிட்டு, இந்தத் தடவை உரசாமல் பக்குவமாக மாட்டினார். சாவியைத் திருப்பினார். இஞ்சின் ஓடியது. விளக்கு மினுங்கியது.

மறுநாளும் தாம்பூலப் பை அரியமங்கலம் போனது. மறுநாளும் முள் ஏறி நின்றது. "பொறந்த வீட்டுல வாய் ஓயாது, புகுந்த வீட்டுல ஊமைங்கற மாதிரியில்ல இருக்கு" என்றார் பஷீர். அன்றைக்கும் வீட்டில் ஸ்பேனர் சுரண்டியது. அன்றைக்கும் பிரஷ் ஒற்றியது.

சாயங்காலங்களில் உமாமகேஸ்வரி தன் தங்கை ஆனந்தவள்ளியோடு போனில் பேசுவது அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. "ஆமாண்டி வள்ளி. இன்னிக்கும் தூக்கிக்கிட்டுப் போனாரு. காய்ச்சக்காரப் புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போற மாதிரி மடியில வச்சுக்கிட்டு... சிரிக்காதடி. எனக்கே பாவமாத்தான் இருக்கு."

அந்தச் சிரிப்பு ஆனந்தவள்ளியிடமிருந்து அவள் புருஷனுக்குப் போகும். அவன் சிரிப்பானா? சிரித்தால்கூடப் பரவாயில்லை. 'பாவம் அண்ணன்' என்று சொல்லிவிட்டால்?

வைகாசி பிறந்து, அழைப்பு நாளும் வந்தது. காவேரியில் மணல் பொரிந்துகொண்டிருந்தது. காற்று அடித்தால் அடுப்பு வாயில் நின்ற மாதிரி இருந்தது. உமாமகேஸ்வரி வெந்தயக் குழம்பு வைத்து அப்பளம் சுட்டிருந்தாள். மாத்ருபூதம் சோற்றைப் பிசைந்தார், பிசைந்துகொண்டேயிருந்தார். பேட்டரியை ராத்திரி முழுக்க ஒரு சார்ஜ் கடையில் போட்டு வாங்கி வந்தாயிற்று. காலையில் வண்டி கிளம்பியது. விளக்கு மட்டும் பழையபடி. ஊர்வலத்தில் பூ அலங்காரத்தோடு சீரியல் பல்புகள் வேறு கட்டுவார்கள். பாதி வழியில் எல்லாம் மங்கி, மண்டப வாசலில் ஹாரன் ஆடாக முனகும். அதற்குமுன் இன்னும் கொஞ்ச நேரத்தில் ராமர் போன் பண்ணி, சாப்பிட்டீங்களா என்று கேட்பார்.

வாசலில் நிழல் தட்டியது. சத்தம் இல்லாமல் வருவது ஒரே ஒரு வண்டிதான்.

"அண்ணே" என்று இறங்கினார் ஜெய்சங்கர். கூடவே கையில் பெட்டியோடு பஷீர் அகமது. "வள்ளி சொல்லுச்சு. அதான் பாயைக் கையோட கூட்டியாந்துட்டேன். நீங்க பாருங்க, நான் வண்டியிலயே உக்காந்திருக்கேன். ஷோரூம்லேருந்து போன் வந்துக்கிட்டே இருக்கு."

கண்ணாடி ஏறிக்கொண்டது. மாத்ருபூதத்துக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. வந்திருந்தால் அது வேறு ஏதாவதாக வெளியே வந்திருக்கும். உமாமகேஸ்வரி ஒரு சொம்பு மோரை எடுத்துக்கொண்டு அந்தக் காருக்குப் போனாள். மோரில் கறிவேப்பிலையும் இஞ்சியும் மிதந்தன. அவருக்கு அவள் கொடுத்த மோரில் தண்ணீர்தான் மிதந்தது.

பஷீர் பானெட்டைத் தூக்கினார். குனிந்து பிராக்கெட்டை விரலால் தடவினார்.

"சார், இந்த பிராக்கெட்டுக்கும் பெயிண்ட் அடிச்சிருக்கீங்க."

"ஆமா."

"வெளியில மட்டுமா, உள்ளாரயுமா? ஆல்டர்நேட்டரு ஒக்காருற எடத்துலயுமா?"

"பின்ன? துரு மொதல்ல உள்ளாரதான பிடிக்கும்?"

"போல்ட்டுக்கு?"

"போல்ட்டுக்கும்."

"போல்ட்டு போற ஓட்டைக்கு?"

"சின்ன பிரஷ் வச்சு" என்றார் மாத்ருபூதம், கொஞ்சம் பெருமையாகவே.

பஷீர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு பெட்டியிலிருந்து தடிமனான வயர் ஒன்றை எடுத்து, "வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். இஞ்சின் ஓடியது, விளக்கு மினுங்கியது. வயரின் ஒரு நுனியைப் பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறு நுனியால் ஆல்டர்நேட்டரின் உடம்பில் ஓரிடத்தைச் சுரண்டி அழுத்தினார்.

விளக்கு அணைந்தது. வயரை எடுத்தார், மினுங்கியது. வைத்தார், அணைந்தது.

"இப்பப் புரியுதா? இதுலேருந்து பேட்டரிக்குப் போற வயரு இருக்கே, அது போற வழி. கரண்டு திரும்பி வர்ற வழி எது? இந்த இரும்புதான். ஆல்டர்நேட்டரு உடம்பு பிராக்கெட்டத் தொடணும், பிராக்கெட்டு இஞ்சினத் தொடணும். அதான் எர்த்து. நீங்க எல்லாத்துக்கும் நடுவுல வெள்ளிச் சட்டையா மாட்டிவிட்டிருக்கீங்க. புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல தார்ப்பாய விரிச்சு வச்சிட்டு, புள்ள பொறக்கல புள்ள பொறக்கலன்னு டாக்டர்கிட்ட ஓடுனா?"

"உங்க கடையில மட்டும் எப்படிப் பாடுச்சு?"

"வைஸுக்குப் பல்லு இருக்குல்ல? பெயிண்ட்டக் கடிச்சிக்கிட்டு இரும்பத் தொட்டுடும். இங்க வந்து மாட்டும்போது ஸ்பேனர் சுரண்டியிருந்தாலே பாதி சரியாயிருக்கும் சார்."

சுரண்டத்தான் செய்தது. ஒவ்வொரு தடவையும் பிரஷ்ஷால் ஒற்றி மூடியது மாத்ருபூதம்தான்.

பஷீர் எல்லாவற்றையும் கழற்றினார். உப்புத்தாளை இரண்டாகக் கிழித்து ஒரு துண்டை அவரிடம் நீட்டினார். இருவரும் குந்தி உட்கார்ந்து தேய்த்தார்கள். பங்குனி வெயிலில் கோட் கோட்டாக ஏற்றின வெள்ளி, மாவாக உதிர்ந்து சிமெண்ட் தரையில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் கேட்டுக்கு வெளியே கண்ணாடிக்குள் ஜெய்சங்கர் மோரைக் குடித்துக்கொண்டே போன் பேசிக்கொண்டிருந்தார்.

"பாய்."

"சொல்லுங்க."

"அவருகிட்ட என்ன சொல்லப்போறீங்க?"

"உள்ளதச் சொல்லுவேன். பெயிண்ட்டுன்னு."

"ரெகுலேட்டருன்னு சொல்லிடுங்களேன்."

"நல்லாருக்கே! ரெகுலேட்டரு நான் போட்டது. என் பேரு என்னாவறது?" பஷீர் போல்ட்டை ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வயரு லூஸுன்னு சொல்றேன். வயருக்கு மானமும் இல்ல, ரோஷமும் இல்ல. அதுமேல என்ன பழியப் போட்டாலும் தாங்கும்."

மாத்ருபூதம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கைகளும் வெள்ளியாக இருந்தன.

எல்லாம் மாட்டி முடிந்து சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு ஒரு தடவை பளிச்சென்று எரிந்தது. இஞ்சின் பிடித்ததும் அணைந்தது. ஹெட்லைட்டைப் போட்டார், ஹாரனை அமுக்கினார். எதிர்வீட்டுக் குழந்தை தூக்கத்திலிருந்து எழுந்து அலறும் அளவுக்கு ஹாரன் அடித்தது. விளக்கு திரும்பி வரவில்லை.

"என்ன பாய் ஆச்சு?" என்று ஜெய்சங்கர் கண்ணாடியை இறக்கிக் கேட்பது கேட்டது.

"வயரு லூஸு சார். பழைய வண்டி பாருங்க."

போன் அடித்தது.

"மாமா, சாப்பிட்டீங்களா?"

"இப்பதான் சாப்பிடப் போறேன்" என்றார் மாத்ருபூதம். "வெளக்கு அணஞ்சிடுச்சு ராமரு."

சாயங்காலம் அம்மாமண்டபம் ரோட்டுப் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. நாயனக்காரர் வெயிலின் மிச்சத்தையெல்லாம் உறிஞ்சி ஊதுவதுபோல ஊதினார். அம்பாசடரின் மூஞ்சி முழுக்க மல்லிகையும் ரோஜாவும். சீரியல் பல்புகள் பச்சையும் சிவப்புமாக ஓடின. பின் சீட்டில் தஞ்சாவூர் மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு உட்கார்ந்து, முதலில் செல்ஃபி எடுத்தான். "செம வண்டி அங்கிள். இதெல்லாம் இப்ப கிடைக்கவே கிடைக்காது" என்றான். மாத்ருபூதம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும், "அங்கிள், ஏசி எங்க போடணும்?" என்றான்.

"ஜன்னல எறக்கிக்குங்க மாப்பிள்ள."

ரோட்டோரம் நின்றவர்கள் பார்த்தார்கள். மாடியிலிருந்தவர்கள் போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். மூத்த மாப்பிள்ளைக்கு ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. டேஷ்போர்டில் இருட்டு. இந்த இருட்டுக்காகத்தானே இத்தனை பாடு? நிம்மதியாகக் கண்ணாடியைச் சரிசெய்தார். அதில் பின்னால் வந்த எலெக்ட்ரிக் கார் தெரிந்தது. சம்பந்தி தம்பதி பின் சீட்டில். முன் சீட்டில், ஜெய்சங்கருக்குப் பக்கத்தில், உமாமகேஸ்வரி. 'பட்டுப்புடவை வேத்து நனைஞ்சிடுங்க' என்று சொல்லிவிட்டு ஏறினவள்தான். ஜெய்சங்கர் ஏதோ சொன்னார். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அம்பாசடரில் அவள் அப்படிச் சாய்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

மண்டபம் வரும்வரை அவர் ரோட்டைப் பார்த்தது பாதி, கண்ணாடியைப் பார்த்தது பாதி.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து பந்தியில் சகலைகள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. எதிர் வரிசையில் பஷீர் அகமது, அத்தர் வாசனையோடு, வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்று குரலைத் தாழ்த்தினார் ஜெய்சங்கர். "ஒரு விஷயம். வள்ளிகிட்டகூடச் சொல்லல."

"சொல்லுங்க தம்பி."

"பாய்கிட்ட ஒரு அம்பாசடருக்குச் சொல்லி வச்சிருந்தேன். துறையூர்ல ஒண்ணு வந்திருக்காம். முடிச்சிடலாம்னு இருக்கேன்."

மாத்ருபூதம் இலையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "எதுக்கு? அதான் புது வண்டி வச்சிருக்கீங்களே?"

"அது வீட்டு மிஷினு மாதிரிண்ணே. கிரைண்டரு, வாஷிங் மிஷினு, அப்படி. நேத்து பாத்தீங்கல்ல? அத்தன போனும் உங்க வண்டியத்தான் படம் பிடிச்சுச்சு. என் வண்டில சம்பந்தியம்மா தூங்கிடுச்சு." ஜெய்சங்கர் அப்பளத்தை நொறுக்கினார். "என் கல்யாணத்தன்னிக்குப் பின்னாடி உக்காந்து வழி முழுக்க உங்க முதுகையே பாத்துக்கிட்டு வந்தேன். மாப்பிள்ளை நானு. ஊரு பூரா உங்களுக்குல்ல கும்பிடு போட்டுச்சு? அன்னையிலேருந்து வயித்துக்குள்ள ஒரு இதுண்ணே. நீங்க அந்த இஞ்சினத் தெறந்து காட்டுன அன்னிக்கு எனக்குச் சாப்பாடே எறங்கல."

பாயசம் வந்தது. மாத்ருபூதம் ஒரு வாய் குடித்தார். இத்தனை வருஷத்தில் மாமனார் வீட்டுக் கல்யாணத்தில் இவ்வளவு இனிப்பாக அவர் பாயசம் குடித்ததில்லை. பக்கத்தில் இருந்த தம்பியின் மேல் அவருக்குத் திடீரென்று பெரிய வாஞ்சை உண்டானது. நல்ல பையன். ரோஷமுள்ள பையன். 'நல்லாருக்குண்ணே' என்று மட்டும் சொல்லிவிட்டு, பட்டினியாகப் படுத்திருக்கிறான்! வண்டி தள்ள இறங்கினவன், பாயைக் கூட்டிவந்தவன். பெயிண்ட் விஷயத்தை இவனிடம் சொல்லிவிட்டால்தான் என்ன என்றுகூட அவருக்குத் தோன்றியது. வாயையும் திறந்தார்.

"ராமர் மச்சான் சின்னப் பொண்ணுக்கும் வரன் பாக்குறாங்கல்ல" என்றார் ஜெய்சங்கர். "அந்த அழைப்புக்கு நீங்க சிரமப்பட வேணாம்ணே. உங்களுக்கும் வயசாவுது. நீங்க அக்காவோட ஏசியில உக்காந்து வாங்க. முன்னாடி நான் பாத்துக்கிறேன்."

திறந்த வாயில் மாத்ருபூதம் இன்னொரு வாய் பாயசத்தை ஊற்றிக்கொண்டார்.

"உங்க வண்டி மாதிரியே ஜொலிக்கணும். அந்த வெள்ளிப் பெயிண்ட்டு, அத எப்படிண்ணே அடிச்சீங்க?"

மாத்ருபூதம் இலையை மடிக்கவில்லை. சாய்ந்து உட்கார்ந்து, ஃபேக்டரியில் புதுசாக வந்தவனுக்கு வேலை சொல்லிக் கொடுக்கும் குரலில் நிதானமாகச் சொன்னார்.

"எல்லாத்தையும் கழட்டிடுங்க தம்பி. மாட்டினபடியே அடிக்கிறதெல்லாம் வேலையே இல்ல. ஒரு கோட்டு பத்தாது, காயக் காயப் போடணும். வெளியில மட்டும் அடிச்சா ஏமாத்து. பிராக்கெட்டுக்கு உள்ளார, ஆல்டர்நேட்டரு ஒக்காருற எடம், போல்ட்டு, வாஷரு, ஒண்ணு விடாதீங்க. ஓட்டைக்குச் சின்ன பிரஷ் வச்சுக்குங்க. மாட்டும்போது எங்கயாவது சுரண்டிச்சுன்னா உடனே ஒத்தி விட்டுடணும். துரு மொதல்ல அங்கதான் பிடிக்கும்."

எதிர் வரிசையில் பஷீர் அகமதுவுக்குப் புரையேறியது.

"பாய்க்குத் தண்ணி வைங்கப்பா" என்றார் மாத்ருபூதம்.